ஈரம் காயுமுன் நின்ற குரல்

ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். பத்திரிகையில் எழுத உட்காருவதே அதிகப்பிரசங்கம் என்று ஒவ்வொரு வாரமும் தோன்றுகிறது. இந்த வாரம் பாட்டைப் பற்றி வேறு எழுதப்போகிறேன். ராகம், தாளம் எதன் பெயரும் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சென்ற வாரம் தீபாவளிச் சேலைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சியாகச் சாயப்பட்டறையைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். அது கிடக்கட்டும். இப்போது எனக்குக் கோபமாக இருக்கிறது.

முதலில் கண்முன் வருவது இதுதான். விடிந்தும் விடியாத நேரம். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பாவடி. தறியில் நீளவாக்கில் போகும் நூல் பாவு, குறுக்கே போவது ஊடை. அந்தப் பாவைத் தறியில் ஏற்றுவதற்கு முன் வெட்டவெளியில் நீட்டிக் கட்டிக் கஞ்சி தோய்க்கும் இடம்தான் பாவடி. புளித்த கஞ்சி வாடை. கால் விரலிடுக்கில் குளிர்ந்த மண். பாவுக்கு இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், முகத்துக்கு முகம் பார்த்தபடி நடக்கிறோம். ஆண்கள் கஞ்சி தடவும் நார்த் தூரிகையான குச்சத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கிறார்கள். பெண்கள் அறுந்த இழையை முடிந்துகொண்டே பின்னால் போகிறோம். எனக்கு நேர் எதிரே என் ஓரகத்தி பொன்னம்மாள். அவள் வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறாள். நான் அதற்குக் கீழே ஒரு குரலை இழுத்துக்கொண்டே போகிறேன்.

என் கோபத்தின் கதை, என் மகன் பிறப்பதற்கு முன்பே, அங்கேதான் தொடங்குகிறது.

போன மாதம் பார்த்த விழா

என் மகன் படிக்கும் கல்லூரியில் விழா என்று அழைத்துப்போனான். இருபது பிள்ளைகள் அரைவட்டமாக நின்றார்கள். கழுத்துப்பட்டை கட்டிய ஒரு இளைஞர் கையை அசைத்தார். ஒரு கூட்டம் மேலே பாட, ஒரு கூட்டம் கீழே பாட, நடுவில் இன்னொரு கூட்டம் வேறொன்று பாடியது. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின. உயிர் என்ன, உடம்பு என்ன என்று கேட்கும் ஒரு பாட்டு.

முடிந்ததும் அந்த இளைஞர் சொன்னார்: "தமிழ்க் கவிதையை, அதிலும் தத்துவக் கவிதையை, இப்படிப் பல குரலில் சேர்ந்து பாடுவது நம் பக்கத்தில் இதுவே முதல் முறை."

மண்டபம் முழுக்கக் கைதட்டியது. என் மகனும் தட்டினான். "ஏம்மா, நல்லா இல்லீங்களா?" என்று கேட்டான்.

நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எந்தக் காரியத்துக்காக எங்களைப் பார்த்துச் சேலமே சிரித்ததோ, அதே காரியத்துக்கு இன்று எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

பொன்னம்மாளின் கேள்வி

பொன்னம்மாள் எங்கள் வீட்டு மூத்த மருமகள். நான் இளையவள். அவளுக்கு என்னைவிட நாலு வயது அதிகம். அவளும் என்னைப் போல ஐந்தாவதுதான்.

எங்கள் ஊர்க் கோயில் வாசலில் புரட்டாசி மாதம் ஒரு சாமியார் வந்து கதை சொல்வார். ஒரு வருஷம் அவர், உடம்பு என்பது துணி, ஆத்மா என்பது உடுத்துகிறவன், கந்தலானால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு உடுத்துவான் என்று விளக்கினார். ஊரே தலையாட்டியது. எல்லோரும் தறிக்காரர்கள். துணியை வைத்துச் சொன்னதால் எல்லோருக்கும் சந்தோஷம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பொன்னம்மாள் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாள்.

"என்னுங்கக்கா?" என்றேன்.

"துணியச் சொன்னாரு. உடுத்தறவனச் சொன்னாரு. நெய்ஞ்சவன எங்க அம்மிணி காணோம்?"

"அத அவருகிட்டயே கேட்டிருக்கலாமில்லீங்க?"

"பொம்பள எந்திரிச்சுக் கேட்டா, மொதல்ல உம்பட புருசன் யாருன்னுதான் கேப்பாங்க."

கேட்காததை எழுதினாள். மளிகைக் கணக்குக்கு வாங்கிய நீள நோட்டு ஒன்று அவளிடம் இருந்தது. அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருப்பாள். நாற்பது பாட்டுக்கு மேல் அதில் இருந்தன. எனக்கு இன்று தெரிந்தது ஒன்றுதான்:

உடுத்தவன் வேறென்றீர், உடை வேறென்றீர்,
நெய்தவன் யாரென்று கேட்டீரில்லை.
பாவு நானோ, ஊடை நானோ,
பிரித்தெடுத்த பின்னும் இருப்பவள் நானோ?

இதைத்தான் பாவடியில் முணுமுணுப்பாள். நடைக்குச் சரியாக இருக்கும். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

என் குரல்

எனக்குச் சிறு வயதிலிருந்தே தடித்த குரல். பள்ளியில் கடவுள் வாழ்த்துப் பாடும்போது வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்" என்றார். ஐந்து வருஷம் வாயை மட்டும் அசைத்தேன். கல்யாணமாகி வந்த புதிதில், உள்ளிருந்து நான் யாரையோ கூப்பிட, வாசலில் நின்ற விருந்தாளி "தம்பி, ஒரு சொம்புத் தண்ணி கொண்டா" என்றார். அதற்குப் பிறகு வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

பாவடியில் மட்டும் குரல் தானாக வரும். குனிந்த தலை நிமிராமல் இழை முடிகிற இடம் அது. யாரும் என்னைப் பார்ப்பதில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

காத்திருந்த கம்பவுண்டர்

பாவடியில் ஒரு கட்டு உண்டு. கஞ்சி ஈரம் இருக்கும்வரை யாரும் நிற்கக் கூடாது. நின்றால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக் காய்ந்த பாவு விறகுக்குச் சமம். ஒருமுறை ஆத்தூரிலிருந்து ஒருவர் சாவுச் செய்தி கொண்டுவந்தார். இறந்தது எங்களோடு குச்சம் இழுத்துக்கொண்டிருந்தவரின் சொந்தத் தாயார். செய்தி கொண்டுவந்தவரும் தறிக்காரர். அதனால் துண்டைத் தோளில் போட்டபடி புளியமரத்தடியில் ஒன்றும் பேசாமல் நின்றார். பாவு காய்ந்த பிறகுதான் சொன்னார். மகன் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. கையைக் கழுவிவிட்டு அழுதார்.

காலரா ஊசி போட வந்த கம்பவுண்டர் தேவசகாயத்துக்கு இதெல்லாம் தெரியாது. அவர் தெற்கத்திக்காரர்; ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை. பெட்டியோடு வந்து, "எல்லாரும் வரிசையில வாங்க" என்றார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாவு காயும்வரை காத்திருந்தார். காத்திருந்தபோது எங்கள் பாட்டைக் கேட்டிருக்கிறார்.

வேலை முடிந்ததும் அவர் முதலில் கேட்டது, "கீழே ஒரு குரல் போச்சே, நீளமா, அறாம... அது யாரு?"

பக்கத்து வீட்டுச் செல்லப்பன் சிரித்தான். "அதுங்களா? எங்க தெருவுல ஒரு கடா இருக்குதுங்க. மஞ்சப்பூசிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் புளியமரத்துக்குப் பின்னால் போய்விட்டேன். தேவசகாயம் சிரிக்கவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சொன்னார்:

"அம்மா, எங்க கோயில்ல பாட்டை நாலு குரலாப் பிரிச்சுப் பாடுவோம். கீழ்க் குரல்தான் அஸ்திவாரம். அதுக்கு ஆள் கிடைக்காமத் தவிப்போம். நீங்க இந்தப் பக்கம் வாங்கம்மா."

என் குரலைக் கேட்டு ஒருவர் 'வா' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

நீளக் குரலும் குறுக்குக் குரலும்

அதன் பிறகு வாரம் ஒருமுறை சைக்கிளில் வந்தார். பொன்னம்மாளின் பாட்டைக் கேட்டு, அதை எங்களுக்குப் புரிகிற மாதிரி பிரித்தார். ஐந்து பேர் பாவு. "நான்" என்ற ஒரே சொல்லை, மூச்சை மாற்றி மாற்றி, அறாமல் கீழே இழுக்க வேண்டும். அந்த ஐவரில் நான் ஒருத்தி. மற்ற நால்வர் ஆண்கள். அவர்கள் என்னைப் பார்த்துத்தான் குரலைப் பிடிப்பார்கள். மீதிப் பதினோரு பேர் ஊடை. பாட்டின் அடிகளை ஒருவர் பின் ஒருவராகக் குறுக்கே ஓட்டுவார்கள். அவர்களுக்குப் பொன்னம்மாள் முதல்.

முதல் இரண்டு வாரம் சந்தை இரைச்சலாகத்தான் இருந்தது. மூன்றாம் வாரம் ஒருநாள் எல்லாம் சரியாக விழுந்தது. குச்சம் இழுத்துக்கொண்டே செல்லப்பன், "அட, துணியாட்டம் ஆயிருச்சு!" என்று கத்தினான். அன்றைக்குப் பிறகு அவன் என்னைக் கடா என்று கூப்பிடவில்லை.

மாமனார் போட்ட நிபந்தனை

சேலத்தில் ஒரு தமிழ்ச் சபை ஆண்டு விழா நடத்தியது. அதன் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. தேவசகாயம் யாரையோ பிடித்து எங்களுக்குக் கால் மணி நேரம் வாங்கிவந்தார்.

மாமனார் கெட்டவர் இல்லை. ஆனால் மருமகள் எழுதுகிறாள், ஊருக்கு முன்னால் பாடுகிறாள் என்பது அவருக்குத் தொண்டையில் முள்ளாக இருந்தது. கடைத்தெருவில் நாலு பேர் நாலு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்.

பொன்னம்மாளைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"நான் குறுக்க நிக்கல அம்மிணி. சேலத்துக்குப் போயி ஒருக்காப் பாடு. நானும் வாரேன். சபையில நாலு பெரிய மனுசரு நல்லாருக்குதுன்னு சொல்லட்டும். அப்பறம் நீ எழுது, பாடு, எந்த நாயி கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன். ஆனா சிரிச்சாங்கன்னு வெய்யி, அந்த நோட்டு எங்கைக்கு வந்துரோணும். அத்தோட சரி."

"யாரு சிரிச்சாலுமுங்களா மாமா?"

"யாரு சிரிச்சாலும்."

"சரீங்க," என்றாள்.

அடுப்படிக்கு வந்ததும் என் கையைப் பிடித்தாள். "நீ மட்டும் அறாம இழுத்துரு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்," என்றாள்.

சபையைப் பார்த்து நில்லுங்கள்

மோட்டார் பஸ்ஸில் புளிச்சோறு கட்டிக்கொண்டு பதினாறு பேரும் போனோம். மாமனார் பதினேழாவது ஆள். தேவசகாயம் முன்பே சேலத்துக்குப் போயிருந்தார். பிற்பகல் நேரம். மண்டபத்தில் சந்தனம், பன்னீர், அங்கவஸ்திரம். எங்களுக்கு முன்னால் பேசியவர் ஒரு மணி நேரம் தத்துவத்தைப் பற்றித்தான் பேசினார். அவரும் அந்தத் துணி உவமையைத்தான் சொன்னார். பொன்னம்மாள் என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று நான் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

மேடை ஏறினோம். பாவடியில் நிற்பது போலவே எட்டு எட்டாக, முகத்துக்கு முகம் பார்த்து நின்றோம். நடுவில் பாவு இல்லை, அவ்வளவுதான். வேறு விதமாக நிற்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தேவசகாயத்துக்கும் தோன்றவில்லை. அவர் எங்களை வேறு எங்கும் பார்த்ததில்லை. சபையோருக்கு எங்கள் முதுகும் விலாவும்தான் தெரிந்தன.

மண்டபத்தில் கசகசவென்று சிரிப்பு எழுந்தது. சபைத் தலைவர் எழுந்தார். பெரிய படிப்பாளி, உயரமான ஆள், கையில் வெள்ளிப்பூண் போட்ட தடி.

"சபையைப் பார்த்து நில்லுங்கள். என்ன, உங்களுக்குள் சண்டையா?"

இன்னும் சிரிப்பு. இரண்டு தொண்டர்கள் ஓடிவந்து எங்களைத் திருப்பி நிறுத்தினார்கள். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால் என்று பிரித்தார்கள். தேவசகாயம், "ஐயா, இவங்க ஒருத்தர ஒருத்தர் பார்த்துத்தான்..." என்று தொடங்கினார். தொண்டர் அவரைக் கையால் ஒதுக்கினார்.

என்னோடு பாவுக் குரல் இழுக்கும் நாலு ஆண்களும் பின் வரிசைக்குப் போய்விட்டார்கள். பொன்னம்மாள் வரிசையின் அந்தக் கோடியில். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. எதிரே முந்நூறு முகங்கள் தெரிந்தன. மூன்றாம் வரிசையில் மாமனார், மடியில் துண்டைச் சுருட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஆனாலும் தொடங்கினோம். நான் இழுத்தேன். பின்னாலிருந்து நால்வரும் பிடித்துக்கொண்டார்கள். பொன்னம்மாளின் குரல் குறுக்கே ஓடியது. அதன் பின்னால் அடுத்தது, அதன் பின்னால் இன்னொன்று. முதல் இரண்டு அடிகள் பாவடியில் வந்ததைவிட நன்றாக வந்தன. இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். மண்டபம் அடங்கியது. மாமனார் துண்டை விட்டுவிட்டு முன்னால் சாய்ந்தார்.

அப்போது தலைவர் தடியால் தரையைத் தட்டினார்.

"ஆளுக்கொரு பாட்டுப் பாடுகிறீர்களே, இதென்ன வாழப்பாடிச் சந்தையா?"

சிரிப்பு. நாங்கள் நிற்கவில்லை. ஈரத்தில் நிற்கக் கூடாது என்பது எங்கள் காலில் ஊறியது. பாடிக்கொண்டே இருந்தோம்.

அவர் மேடைக்குப் பக்கத்தில் வந்தார். பெண்கள் வரிசையைத் தடியால் காட்டினார்.

"பெண்களுக்கு நடுவே ஆண் குரலில் உறுமுவது யாரம்மா அது? மீசை இருந்தால் பின் வரிசைக்குப் போகலாமே!"

மண்டபம் வெடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படித்தவர்கள், ஒரு மணி நேரம் ஆத்மாவைப் பற்றிக் கேட்டுத் தலையாட்டியவர்கள்.

நான் நின்றுவிட்டேன்.

யாரும் என் வாயைப் பொத்தவில்லை. நான்தான் நின்றேன். நான் நின்றதும் பின்னால் நால்வரும் நின்றார்கள். கீழே பிடிமானம் இல்லாமல் ஊடைக் குரல்கள் ஒவ்வொன்றாகத் தடுமாறி விழுந்தன. பொன்னம்மாள் மட்டும் நிற்கவில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவே, தனியாக, நாலாவது அடி முடியும்வரை பாடினாள். பாடி முடித்துக் கும்பிட்டாள்.

தலைவர் எங்களுக்கும், மேடையடிக்கு வந்துவிட்ட மாமனாருக்கும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுத்தார். "வரிகள் மோசமில்லை. யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டார். தேவசகாயம் பொன்னம்மாளைக் காட்டினார். தலைவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பெரியவர்கள் யாராவது திருத்தியிருப்பார்கள். அடுத்த முறை எல்லோரும் ஒரே குரலில் பாடுங்கள், கேட்க நன்றாக இருக்கும்," என்றார்.

அவள் எழுதியதை என் கண்ணால் பார்த்தவள் நான். அரிசிப் பானைக்குப் பின்னால் அவள் நோட்டை ஒளித்ததை அறிந்தவள். அப்போதும் வாயை மட்டும் அசைத்தேன். சத்தம் வரவில்லை.

யார் மேல் கோபம்

இத்தனை வருஷமும் அந்தத் தலைவர் மேல் கோபப்பட்டிருக்கிறேன். அவர் இறந்தபோது சேலத்தில் கடையடைத்தார்கள். எங்கள் தெருவில் நான் மட்டும் அன்று தறி ஓட்டினேன். தமிழுக்கு உழைத்தவர் என்றார்கள். அவர் முன்னால் நின்ற தமிழை அவர் தடியால் தட்டி உட்காரவைத்ததை யாரும் சொல்லவில்லை.

போன மாதம் அந்த விழா மேடையில் கீழ்க் குரல் பாடிய ஒரு பெண்ணைப் பார்த்தேன். என் குரல் போலவே தடித்த குரல். அவளை முன் வரிசையில் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். பிள்ளைகள் அரைவட்டமாக நின்றதால் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்க்க முடிந்தது. அவ்வளவுதான் எங்களுக்கும் வேண்டியிருந்தது.

"முதல் முறை" என்று சொன்ன அந்த இளைஞருக்கு எங்களைத் தெரிய வழியில்லை. தெரியாமல் போனதற்கு நானும் ஒரு காரணம்.

பஸ்ஸில் வந்தபோது

திரும்பும்போது பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தைச் செல்லப்பன் ஜன்னல் வழியாக வீசினான். ஒவ்வொருவராக எல்லோரும் வீசினோம். மாமனார் மட்டும் கையில் வைத்திருந்தார். பெரிய மனிதர் கொடுத்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் பொன்னம்மாள் நேராக அடுப்படிக்குப் போனாள். மாமனார் கேட்கவே இல்லை. அவளாக நோட்டை எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள்.

"இன்னிக்கே வேணுமுன்னு நாஞ் சொல்லலியே அம்மிணி," என்றார். அவர் குரல் இறங்கிப் போயிருந்தது.

"சொன்னது சொன்னதுதானுங்க மாமா."

பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதால் நன்றாக இருக்கும், திட்டினாலும் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

"ஈரம் காயறதுக்குள்ள நிக்கப்படாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றாள்.



மறுநாள் வெள்ளிக்கிழமை. விடியுமுன் பாவு நீட்டினோம். விறகு ஈரமாக இருந்ததால் மாமனார் நோட்டைக் கிழித்துக் கஞ்சி அடுப்பைப் பற்றவைத்தார். பொன்னம்மாள் உட்படப் பதினாறு பேரும் வந்திருந்தோம். யாரும் பாடவில்லை. கஞ்சி நன்றாகப் பிடித்தது. ஒரு இழைகூட அறவில்லை.